கேட் செக்யூரிட்டியின் பாஸ்வேர்டு

புதுவாயல் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனையில் நான் ரெக்கார்டு பார்த்துக்கொண்டிருந்த காலம். கம்ப்யூட்டரில் எனக்கு டைப் அடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அங்கே அதுவே பெரிய படிப்பாக இருந்ததால், கம்ப்யூட்டர் தலைவலி எதுவானாலும் என் மேஜைக்குத்தான் வரும்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் தர அறிக்கை. எத்தனை பேருக்குத் தையல் பிரிந்தது, எத்தனை பேருக்குச் சீழ் வைத்தது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் சுற்றியிருக்கும் கம்பெனிகள் அடிபட்ட தொழிலாளிகளை எங்களிடம் அனுப்பாது. முதல் அறிக்கைக்கு மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கெடு. “அது போகலைன்னா திங்கக்கிழமை நீ வர வேணாம்” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மருத்துவமனையே அவருடையது. வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.

அந்த இணையதளத்தில் கணக்குத் திறக்கும் படிவத்தில் ‘செக்யூரிட்டி அட்மினிஸ்ட்ரேட்டர்’ பெயர் கேட்டிருந்தது. ஆபரேஷனுக்குக் கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

“மேடம், செக்யூரிட்டின்னு யார் பேரைப் போடறது?”

“நம்மகிட்ட எத்தனை செக்யூரிட்டி இருக்காங்க? ஒருத்தர்தானே? அவர் பேரையே போடு.”

போட்டேன். அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற வார்த்தை கொஞ்சம் இடித்தது. பெரிய இடத்துப் படிவம், வாட்ச்மேனைக்கூட மரியாதையாகக் குறிப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாளில் கேட் செக்யூரிட்டி அண்ணன் பெயருக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது. பள்ளிப்பட்டுப் பக்கத்து மனிதர், எட்டாவதோடு நிறுத்தியவர். இங்கிலீஷ் கடிதம் என்பதால் என்னிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். நானும் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். இந்தக் கணக்கின் பாதுகாப்புக்கு நீங்களே பொறுப்பு. மூடிய கவருக்குள் பாஸ்வேர்டு இருக்கிறது. அதை உங்கள் மேலதிகாரி உட்பட யாரிடமும் சொல்லக்கூடாது.

அவர் கவரை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“அதைக் குடுங்கண்ணா, நான் பார்த்துக்கறேன்.”

“நீயே படிச்சிட்டு நீயே கேக்கறியே, இன்னாம்மா இது?”

என் வாயே எனக்கு எமனாக வந்தது. கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் வெள்ளிக்கிழமை மதியம் அவரே டைப் அடிப்பதாக முடிவானது. என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினார். மூன்று முறையும் தப்பு. கணக்கு பூட்டிக்கொண்டது. உதவி எண்ணுக்குப் போன் போட்டால், செக்யூரிட்டி அட்மினிஸ்ட்ரேட்டரிடம்தான் பேசுவேன் என்றாள் ஒரு பெண். ஸ்பீக்கரைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

“யார் யாருக்கு ஆக்சஸ் கொடுப்பீங்க, சார்?”

அவர் என்னைப் பார்த்தார். “உள்ளே விடறது” என்று கிசுகிசுத்தேன்.

“டாக்டருங்க, நர்சுங்க எப்ப வேணா வரலாம். மத்தவங்க நாலுலேர்ந்து ஆறு வரைக்கும்தான். ஒரு பேஷன்ட்டுக்கு ஒருத்தரு.”

“யாராவது விதியை மீறினா?”

“பேரு எழுதி வச்சிக்கினு வெளிய அனுப்பிடுவேன்.”

“வெரி குட், சார்” என்று அவள் பூட்டை எடுத்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் செய்வது தப்பா, ஒருவேளை இதுதான் சரியா என்றுகூடக் குழப்பமாக இருந்தது. அடுத்த முயற்சியில் அண்ணன் கணக்குக்குள் போய்விட்டார்.

எட்டிப் பார்த்த டாக்டரம்மா என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார். விஷயம் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. “வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். முதல்ல அவர் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போடு, அப்புறம் ரிப்போர்ட்டை அனுப்பு.” நீங்கள் சொன்ன பேர்தானே என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

மணி நாலரை. பெயரை நீக்கப் போனால் காரணம் கேட்டது. மூன்றே மூன்று காரணங்கள்தான் இருந்தன: வேலையை விட்டுவிட்டார், இறந்துவிட்டார், பொறுப்பைத் தவறாகப் பயன்படுத்தினார். தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நாலாவதாக ஒன்று இருக்குமா என்று மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். இல்லை. முதல் காரணத்தையே தொட்டேன். இதற்கு இப்போதைய அட்மினிஸ்ட்ரேட்டர் ஒப்புதல் தர வேண்டும் என்றது அடுத்த பக்கம்.

அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னா கேக்குது? படி.”

வேலையை விட்டு விலகிவிட்டதால் எனது உரிமைகள் அனைத்தையும் ரத்து செய்யச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது.

“ரிப்போர்ட் அனுப்பலாமான்னு உங்களைக் கேக்குதுண்ணா” என்றேன்.

“நான் சொன்னாதான் போவுமா?”

“ஆமாண்ணா.”

“ஊட்ல சொன்னா நம்ப மாட்டாங்கோ” என்று சிரித்தார். எங்கே அமுக்குவது என்று காட்டினேன். அமுக்கினார்.

என்னிடம்கூடச் சொல்லாமல் பாஸ்வேர்டைக் காத்த மனிதர், நான் படித்ததை மட்டும் அப்படியே நம்பினார். வெட்கமாக இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. என் பெயரைப் போட்டேன், எண்களை ஏற்றினேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அறிக்கை போய்விட்டது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அண்ணன் கேட்டைத் திறந்துகொண்டே கேட்டார்:

“அடுத்த ரிப்போர்ட்டு எப்பம்மா? முன்னாடியே சொல்லு, சட்டைய இஸ்திரி போட்டுக்கினு வரேன்.”

“மூணு மாசம் ஆகும்ணா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.