கீழேயிருந்து மேலே போட்ட பந்து

செல்லத்துரை அண்ணே, நீ போன பிறகு உன்னைப் பற்றி யாரிடமும் ஒழுங்காகச் சொல்ல எனக்கு முடியவில்லை. இதைப் படிக்கிறவர்களிடமாவது எழுதிச் சொல்லிப் பார்க்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பதநீர்க் காலத்தில், இரணியல் பக்கம் ஒரு விளையில், பனந்தோப்பில், பதநீர் இறக்க ஏறிய அண்ணன் பனையிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். கஞ்சி கொடுத்தால் வாயை மூடிக்கொள்வான். இப்படியே செத்துப்போவான் என்று அம்மையும் நானும் பயந்தோம்.

அங்கே இருந்த வெள்ளைக்கார நர்சம்மா ஒரு சேதி சொன்னார். சண்டையில் முதுகெலும்பு முறிந்த பட்டாளக்காரர்கள் வெளிநாட்டில் சக்கர நாற்காலியில் இருந்து கூடைப்பந்து ஆடத் தொடங்கினார்களாம். இப்போது நாட்டுக்கு நாடு பந்தயமே நடக்கிறதாம். ஆசாரியை வைத்துச் சைக்கிள் சக்கரத்தில் நாலு நாற்காலி செய்தார். வேப்பமரத்தில் அடி அறுத்த ஓலைக் கடவத்தைக் கட்டினார். கூடை அதுதான்.

ஒருநாள் சாயங்காலம் நான் போனபோது அண்ணன் கட்டிலில் இல்லை. முற்றத்தில் ஒரே சத்தம். பந்தை மடியில் வைத்து இரண்டு தள்ளுக்குமேல் சக்கரத்தைத் தள்ளக் கூடாதாம். அண்ணன் மூன்றாவதும் தள்ளிவிட்டான். பர்மா சண்டையில் அடிபட்டு வந்தவர் ஒருவர் நாற்காலியோடு வந்து அவனை இடித்தார்.

"லேய் கள்ளப்பயலே, இது ஒனக்க அப்பனுக்க விளையா?"

அண்ணன் சிரித்தான். விழுந்த பிறகு அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்; மிரண்டு போனேன். அவன் போட்ட பந்து ஒன்றுகூடக் கடவம் வரை எட்டவில்லை.

"என்னட்டி பாக்கிய? மேலயிருந்து கீழ எறக்கித்தான் எனக்குப் பழக்கம். கீழயிருந்து மேல போட இப்பம்தான் படிக்கேன்" என்றான். அன்றைக்குக் கஞ்சி குடித்துவிட்டு இன்னும் கேட்டான்.

அப்புறம் உட்காரும் இடத்தில் புண் வந்தது. உணர்வில்லாததால் அவனுக்கே தெரியவில்லை. ஆறும்வரை கவிழ்ந்து படுக்க நர்சம்மா சொன்னார். அவன் அவருக்குத் தெரியாமல் நாற்காலியில் ஏறி ஆடப் போவான். நான் அழுது தடுத்தபோது, "படுத்தே கெடந்தா, நான் உசிரோட இருக்கேன்னு எனக்கே தெரிய மாட்டேங்குதுட்டி" என்றான். புண் புரையோடி, போன தை மாசம் காய்ச்சல் கண்டு போய்விட்டான்.

அந்தப் பந்துதான் பிள்ளையைக் கொன்றது என்கிறாள் அம்மை. பந்து இல்லையென்றால் அவன் விழுந்த வருஷத்து மழையையே தாண்டியிருக்க மாட்டான் என்கிறார் அந்தப் பட்டாளக்காரர். இரண்டும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. அந்த விளையாட்டுக்கு நன்றி சொல்லவா, அதைத் திட்டவா என்று இன்றுவரை தெரியவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தாலும் எனக்கு வார்த்தை வருவதில்லை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், நீங்கள் எல்லாரும் என் அண்ணனுக்காக ஒருதரம் வேண்டிக்கொள்ளுங்கள்.