கேட்காமல் வைத்த இரண்டு புள்ளிகள்

அல்லாஹ்வைப் புகழ்ந்து இதை எழுதுகிறேன். சகோதரிகளே, தொழுகைப் பாயில் உட்கார்ந்துகொண்டே ஒரு பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் நான். அதை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் சொன்னால் இது சாட்சி ஆகாது. அதனால் கெட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் ஜன்னத். ஊர் திருவாரூர் பக்கம். என்னைப் பெற்ற அத்தாவுக்குக் குவைத்தில் வேலை. மூன்று வருடங்களுக்கு முன்பு தஞ்சாவூரில் பி.எஸ்சி. நர்ஸிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் பெரும்பாலும் பிரசவப் பாடம்தான். "எங்க வீட்டுல ஒரு மருத்துவச்சி ரெடியாவுறா" என்று எங்களோடு இருந்த மாமி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

பரீட்சை எழுத வேண்டுமென்றால் இத்தனை பிரசவம் நம் கையால் பார்த்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் கேஸ் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துவிட்டதால் எனக்கு ஒன்றே ஒன்று குறைந்தது. புத்தகத்தை ஒப்படைக்க மறுநாள்தான் கடைசி நாள். அது கிடைக்காவிட்டால் ஆறு மாதம் போச்சு. சோறு இறங்கவில்லை. மாமியிடம் என்ன சொல்வேன் என்பதே பெரிய கவலையாக இருந்தது, பாருங்கள்!

தை மாதம், ஒரு புதன்கிழமை. லேபர் வார்டில் எனக்குக் கொடுத்த கேஸ் செல்வி. நன்னிலத்துப் பெண், தஞ்சாவூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிள்ளை. அறுவடை நேரம் என்பதால் புருஷன் வயலுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்துகொண்டிருந்தான். வலி வரும்போதெல்லாம் அவள் என் கையை நசுக்கினாள்.

"அக்கா, எங்கயும் போயிடாதீங்க."

"எங்க போவப் போறேன்? நீதான்டி என் கடைசி கேஸு" என்றேன். அந்த வலியிலும் சிரித்தாள்.

வலி வந்த பெண்ணின் வயிற்றில் அரை மணிக்கு ஒருமுறை டாப்ளர் கருவியை வைத்து, பிள்ளையின் துடிப்பை ஒரு நிமிடம் முழுக்க எண்ணி, அவளுடைய தாளில் புள்ளி வைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எண்ணினேன். நூற்று நாற்பத்திரண்டு. அருமையான துடிப்பு. கொஞ்ச நேரத்தில் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது.

தொழப் போகிறேன் என்று வார்டு சிஸ்டரிடம் சொன்னால் தாராளமாக விடுவார். ஆனால் என் இடத்தில் வேறு பெண்ணை நிறுத்துவார். அதற்குள் பிரசவம் ஆகிவிட்டால் கேஸ் அவள் பெயருக்குப் போய்விடும். அந்தப் பயத்தில் யாரிடமும் சொல்லாமல், பத்து நிமிடம்தானே என்று, உடை மாற்றும் அறைக்கு நழுவினேன்.

தொழுது முடித்தும் எழுந்திருக்கவில்லை. கையேந்தி உட்கார்ந்துவிட்டேன். "யா அல்லாஹ், இது நார்மலா ஆகட்டும், என் கையிலயே ஆகட்டும்." இதையே திருப்பித் திருப்பிக் கேட்டு அழுதேன். வார்டுக்குத் திரும்பியபோது மணி ஒன்றரையை நெருங்கிவிட்டது.

தாளில் பன்னிரண்டரைக்கும் ஒரு மணிக்கும் இடம் காலியாக இருந்தது. சிஸ்டர் பார்த்தால் தொலைந்தேன். பேனாவை எடுத்தேன். நூற்று நாற்பது. நூற்று முப்பத்தெட்டு. இரண்டு புள்ளிகள். எதையும் கேட்காமல் வைத்தேன். சீ, என்ன பிழைப்பு!

ஒன்றரைக்கு டாப்ளரை வைத்தேன். தொண்ணூறு. தாயின் நாடியைத்தான் எண்ணுகிறேனோ என்று செல்வியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். அவளுக்கு நூற்றுப் பத்து ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் இந்தத் தொண்ணூறு பிள்ளையுடையது. வயிற்றுப் பிள்ளைக்கு அது ரொம்பக் குறைவு.

"சிஸ்டர்!" என்று கத்தினேன். செல்வியை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் மேடம் ஓடி வந்தார். துடிப்பு நூறுக்கு ஏறியது, மறுபடி இறங்கியது. மேடம் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஒரு மணிக்குக்கூட நல்லாத்தானே இருந்திருக்கு. இப்பதான் இறங்கியிருக்கு. ஒரு பதினஞ்சு நிமிஷம் பார்ப்போம். ஏறிடும்."

என் புள்ளிகளை நம்பித்தான் அவர் காத்திருக்கச் சொல்கிறார். துடிப்பு எப்போது இறங்கியதோ, யாருக்குத் தெரியும்? ஒன்றரை மணி நேரமாக அந்தப் பிள்ளையின் துடிப்பை ஒருவருமே கேட்கவில்லை. சொன்னால் படிப்பு போய்விடும். ஆபரேஷன் என்றால் கேஸும் போய்விடும். வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நான் கேட்ட துஆவில் அரபியும் இல்லை, அழகும் இல்லை. "ரப்பே, எனக்கு ஒண்ணும் வேணாம். என் வாயைத் திறந்து வுடு. அந்தப் புள்ள உசுரைக் குடு."

வாய் திறந்துகொண்டது. எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மேடம், அந்த ரெண்டும் நான் கேட்கல. சும்மா போட்டேன். பன்னெண்டு மணிக்கு அப்புறம் யாருமே கேட்கல, மேடம்."

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. உடனே பனிக்குடத்தை உடைத்தார். தண்ணீர் பச்சையாக, கெட்டியாக வந்தது. பிள்ளை உள்ளேயே மலம் கழித்துவிட்டது. "தியேட்டருக்கு எடுங்க" என்றார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். கதவு என் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டது.

சுவரில் நெற்றியை வைத்து நின்றேன். செல்வியின் தாய் என்னைப் பிடித்து உலுக்கி, "என்னம்மா ஆச்சு? சொல்லும்மா!" என்றார். என்னத்தைச் சொல்வேன்? உள்ளே அழுகைச் சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. வரவே இல்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர என் நாவில் வேறொன்றும் இல்லை.

கடைசியில் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் வெளியே வந்து, "ஆம்பளப் புள்ள. மூச்சு வர காத்து பம்ப் பண்ணித்தான் அழ வச்சோம். இன்னும் பதினஞ்சு நிமிஷம் போயிருந்தா புள்ள இல்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ கிளம்பு. கண்ணு முன்னாடி நிக்காத" என்றார்.

அந்த முறை என்னைப் பரீட்சை எழுத விடவில்லை. ஆறு மாதம் வீட்டில் இருந்தேன். மாமியின் வாயைக் கேட்க வேண்டுமே! அத்தா மட்டும் போனில், "உண்மைய ஒத்துக்கிட்டல்ல, அது போதும்மா" என்றார். பிறகு போய்ப் படிப்பை முடித்தேன். இப்போது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கிறேன். தொழப் போகும்போது, "நான் வர்ற வரைக்கும் இவளைப் பார்த்துக்கங்க" என்று ஆளை நிறுத்திவிட்டுத்தான் போகிறேன்.

ஆனால் அப்போது நான் வீட்டுக்குப் புறப்படும் முன்பு, பிரசவமான மூன்றாம் நாள், செல்வியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எம்புள்ள உள்ள தவிச்சுக்கிட்டுக் கெடந்தப்ப, நீங்க உங்க பரீட்சை பாஸுக்கா வேண்டிக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமாம்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாள். நானும் அழுதேன். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை பசித்துக் கத்தினான். தையல் வலியில் அவளால் புரள முடியவில்லை. அவள் தாய் சோறு வாங்கப் போயிருந்தார்.

"நின்னு அழுவாதீங்க, அக்கா. வந்து புள்ளைய எடுத்து இந்தப் பக்கம் போடுங்க" என்றாள்.

இரு கையாலும் அவனைத் தூக்கினேன். கனமாக, சூடாக இருந்தான்.

சகோதரிகளே, தப்புச் செய்துவிட்டு எந்த முகத்தோடு அல்லாஹ்விடம் கேட்பது என்று தயங்குகிறீர்களா? முதலில் தப்பை ஒத்துக்கொள்ளுங்கள், பிறகு கேளுங்கள். கைவிடமாட்டான். பாயில் உட்கார்ந்து நான் அழுது கேட்ட துஆவை அல்லாஹ் ஏற்கவில்லை. அவன் மறுத்ததால்தான் செல்வியின் மகன் இன்று ஓடி விளையாடுகிறான். அல்ஹம்துலில்லாஹ்.