வாசற்படியில் நின்ற கடப்பாரை

1998 அக்டோபர் 14, புதன்கிழமை, மாலை நான்கு மணி. அரபு மலைநகரான ஸல்ட்டின் செங்குத்தான படிக்கட்டுத் தெருவில் குடியேறிய அன்று, வஜீஹாவின் தண்ணீர்த் தொட்டி பாதி ஏற்றத்தில் சிக்கிக்கொண்டது. வண்டிக்காரன் கையை விரித்துவிட்டான். பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஒருவன், தொட்டியையும் அதைத் தாங்கியபடி மூச்சிரைத்த அவள் கணவன் நஸ்மியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எதை முதல்ல தூக்கணும் அக்கா? தொட்டியையா, அண்ணனையா?"

அவன் பெயர் ஃபவ்வாஸ்; இரும்புப் பட்டறைத் தொழிலாளி. ஒரு மாதத்துக்குள் வஜீஹாவின் வீட்டுச் சாவி ஒன்று, ஃபவ்வாஸின் மனைவி ஸப்ஹாவின் சமையலறை ஆணியில் தொங்கத் தொடங்கியது. அந்தத் தெருவில் எல்லாச் சாவிகளும் அப்படித்தான் பக்கத்து வீட்டில் தொங்கின.

வஜீஹா அரசு சுகாதார நிலையத்தில் செவிலி. பதினைந்து ஆண்டுகள் கழித்து நஸ்மியைப் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கமும் பேச்சும் போயின. பிள்ளைகள் இல்லை, அவள் சம்பளமே சோறு. காலை ஏழு மணிக்கு அவள் கிளம்பினால், பத்து மணிக்கு ஸப்ஹா கதவைத் திறந்து நஸ்மியைப் புரட்டிப் படுக்கவைத்து, கரண்டியால் தண்ணீர் புகட்டுவாள்.

2015 மார்ச்சில் ஒரு திருமணத்துக்காக வஜீஹா அலமாரியைத் திறந்தாள். கல்யாணத்தில் நஸ்மி மஹராகக் கொடுத்த வளையல்கள் ஆறும் இல்லை. வாசற்பூட்டில் கீறல்கூட இல்லை. சில நாள்களாக ஃபவ்வாஸ் நலம் விசாரிக்க வரும்போதெல்லாம் நஸ்மி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்க பாத்தீங்களா?"

நஸ்மியின் கண்கள் நிறைந்தன.

"ஃபவ்வாஸா?"

இடக்கை அவள் மணிக்கட்டை இறுகப் பற்றியது.

நகைக்கடைப் பதிவேட்டில் ஃபவ்வாஸின் அடையாள அட்டை நகல் இருந்தது. வளையல்கள் உருக்கப்பட்டுவிட்டன. பட்டறையை மூடிவிட்டதாகவும் கையில் காசில்லை என்றும் காவல் நிலையத்தில் அழுதான். "அண்ணனுக்கு ஸலாம் சொல்லிட்டுத்தான் அலமாரியைத் திறந்தேன்" என்றும் சொன்னான். அந்த ஸலாமை வஜீஹாவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வழக்கறிஞரம்மா நிதானமாக விளக்கினார். "புகாரை அப்படியே விட்டா முழுத் தண்டனை. நஷ்டஈட்டைத் தனியாக் கேக்கலாம். சமாதானம் பேசி உங்க உரிமையை விட்டுக்குடுத்தா, அரசாங்க வழக்கு அதுபாட்டுக்கு நடக்கும்; தண்டனை மட்டும் பாதியாக் குறையும். ஆனா விட்டுக்குடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது. அதனால நிபந்தனையை முதல்ல பேசிடுங்க."

"ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு வேணும். அவன் இந்தத் தெருவுல இருக்கக் கூடாது. நான் வேலைக்குப் போயாகணும்."

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் தெருப் பெரியவர் ஹாஜி தியாபின் தலைமையில் முப்பது பேர், ஃபவ்வாஸுக்காகச் சமாதானம் கேட்டு வஜீஹாவின் வீட்டுக்கு வந்தார்கள். காபி ஊற்றப்பட்டது. கேட்டது கிடைக்கும்வரை யாரும் கோப்பையைத் தொட மாட்டார்கள்; குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதுதான் ஊர் வழக்கம். வீட்டு ஆணாக அமர்ந்திருந்தவன் நஸ்மியின் தம்பி அவ்னி. நிபந்தனையை அவனிடம் மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தாள் வஜீஹா.

ஹாஜியார் எழுந்து நின்று, ஃபவ்வாஸை மன்னித்து விட்டுக்கொடுக்கும்படி கேட்டார். முப்பது முகங்களும் தன்னை நோக்கியிருந்ததில் அவ்னியின் நெஞ்சு விம்மிவிட்டது.

"அல்லாஹ்வுக்காகவும் ஹாஜியாருக்காகவும் விட்டுட்டோம். நிபந்தனை ஒண்ணும் கிடையாது. குடிங்க!"

திரைக்குப் பின்னால் நின்ற வஜீஹாவின் காதில் கோப்பைகள் காலியாகும் ஓசை விழுந்தது.

"உன் பெருமைக்கு என் வீட்டையா தம்பி விருந்து வச்சே?" என்றாள், அவ்னி உள்ளே வந்ததும்.

"முப்பது பேர் முன்னாடி கறிக்கடையில பேரம் பேசற மாதிரி பேசச் சொல்றீங்களா, அண்ணி?"

ஹாஜியாரின் காதில் அது விழுந்தது. திரையருகே வந்து தலைகுனிந்து நின்றார்.

"மகளே, காபி தொண்டையில இறங்கிடுச்சு. ஆனா அவனுக்குப் பிணை நான். நீ எப்ப ஒரு வார்த்தை சொன்னாலும், அன்னிக்கே அவனைத் தெருவை விட்டுக் கிளப்பிடறேன். இது நான் உனக்குப் பட்ட கடன்."

வஜீஹா காகிதத்தையே நம்பினாள். வழக்கறிஞரம்மாவின் யோசனைப்படி, ஆளுநர் அலுவலகத்தில் ஃபவ்வாஸிடம் ஓர் உறுதிமொழி எழுதி வாங்கினாள்: அவள் வாசற்படியைத் தாண்டினால் மீண்டும் சிறை. பூட்டை மாற்றினாள், ஜன்னல்களுக்குக் கம்பி போட்டாள். கணவனை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். நண்பகலில் ஒருமுறை ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

"நான் திருடலயே அக்கா. அண்ணனுக்குத் தண்ணி குடுக்கவாச்சும் விடுங்க" என்று ஸப்ஹா கெஞ்சினாள்.

"திருடினது உன் வீட்டு ஆணியில தொங்கின சாவி."

ஆறு மாதச் சிறைக்குப் பின் ஃபவ்வாஸ் திரும்பி வந்தான். வஜீஹாவைக் கண்டால் சுவரோரம் ஒதுங்கி நின்றான்.

2016 ஜனவரி மாதம் ஒரு காலை, பத்தரை மணி. நஸ்மி கட்டிலிலிருந்து விழுந்த சத்தம் ஸப்ஹாவுக்குக் கேட்டது. ஜன்னல் கம்பி வழியே பார்த்தாள். கவிழ்ந்து கிடந்தவரின் தொண்டை கரகரத்தது. அவள் அலறியதும் ஃபவ்வாஸ் கடப்பாரையோடு ஓடிவந்தான். அந்தப் பூட்டு அவனுக்கு இரண்டு நிமிட வேலை. ஆனால் வாசற்படியில் கால் நின்றது. கடப்பாரையைப் படியில் சாத்திவிட்டு, சுகாதார நிலையத்துக்கு ஓடினான்.

"அக்கா, அண்ணன் விழுந்து கிடக்காரு. சாவியைக் குடுங்க!"

வஜீஹாவின் வாயில் முதலில் வந்தது வேறு கேள்வி. "நீ உள்ள போனியா?"

"எப்படிக்கா போவேன்? கையெழுத்துப் போட்டிருக்கேனே."

அவள் படிகளில் விழுந்தெழுந்து ஓடிக் கதவைத் திறந்தபோது, நஸ்மியின் உடலில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. ஃபவ்வாஸ் அப்போதும் படிக்கு வெளியே நின்றுதான் அழுதான்.

துக்கத்தின் மூன்றாம் நாள் ஹாஜியார் வந்தார். அவர் முன்னால் காபி வைக்கப்பட்டது.

"இப்பவாச்சும் சொல்லு மகளே. சாயங்காலத்துக்குள்ள அவனைக் கிளப்பிடறேன்."

படியில் சாத்திய கடப்பாரையை யாரும் இன்னும் எடுத்திருக்கவில்லை. வஜீஹா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனை வெளிய நிறுத்தினது நான் வாங்கின காகிதம், ஹாஜியாரே. காபி ஆறுது, குடிங்க."

அதன்பின் ஒவ்வொரு பெருநாளுக்கும் ஹாஜியார் ஆளனுப்பிக் கேட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து அவர் இறந்தார். அதுவரை அந்த ஒரு வார்த்தையை வஜீஹா சொல்லவேயில்லை.