உல்காவீரின் அக்கா

உல்காவீருக்குச் சொந்தபந்தம் என்று யாரும் கிடையாது. அவனிடம் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். எரிகல்லோடு வானத்திலிருந்து விழுந்தவன். அவனை யாரும் வீட்டுப்பாடம் எழுதச் சொல்லுவதில்லை, பால் டம்ளரோடு துரத்துவதில்லை. முதுகில் சிவப்புத் துணி படபடக்கப் பறந்து வந்து, கெட்டவர்களைத் தூக்கி யமுனையில் போட்டுவிட்டு, அடுத்த கெட்டவனைத் தேடிப் போய்விடுவான்.

தில்லியில் எங்கள் லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அவனைத் தெரியாத பிள்ளையே இல்லை. மார்க்கெட் முனையில், நாங்கள் பையா என்று கூப்பிடும் ஹிந்திக்காரர் ஒருவர் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் ஹிந்தி காமிக்ஸ்களைத் தொங்கவிட்டு வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். புது உல்காவீர் வந்த அன்று அங்கே ஒரே தள்ளுமுள்ளாக இருக்கும். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பேன். அந்த இதழை நான் ஏற்கெனவே படித்து முடித்திருப்பேன், ஏனென்றால் உல்காவீரை எழுதியது என் மாமா. அந்த வயதில் எனக்கு இருந்த திமிருக்கு வேறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. திருநெல்வேலியிலிருந்து அவர் தில்லி வந்தது காமிக்ஸ் எழுதுவதற்காக அல்ல. அப்போதெல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸில் தமிழர் வீடு என்றால் இப்படி ஒரு தம்பியோ மைத்துனனோ இருப்பான். முன்னறையில் மடக்குக் கட்டில் போட்டுத் தூங்குவான், டைப்பிங் கிளாஸ் போவான், பரீட்சைமேல் பரீட்சை எழுதுவான். ஏதாவது ஓர் அமைச்சகத்தில் நாற்காலி கிடைத்ததும் கல்யாணம் செய்துகொண்டு, தானும் ஒரு குவார்ட்டர்ஸுக்கு மனுப் போடுவான். அப்பாவும் மாமாவுக்கு அந்த வழியைத்தான் காட்டினார். மாமா எழுத்துத் தேர்வில் தேறியும் விட்டார். நேர்முகத் தேர்வன்று அம்மா நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினாள். போனவர் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல், பஸ்ஸிலேயே உட்கார்ந்து தரியாகஞ்ச் போய், எங்களுக்குத் தெரியாமல் கதை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த காமிக்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு வந்தார்.

தெரியாமல் என்றா சொன்னேன்? எனக்குத் தெரியும். மாமாவின் ஹிந்திக்கு நான்தான் வாத்தியார். தில்லியில் பிறந்தவள் என்ற அகங்காரத்தோடு அவர் எழுதியதையெல்லாம் திருத்தி, தலையில் அடித்துக்கொள்வேன். அவரும், "சரி மருமவளே, சரி மருமவளே" என்று பணிவாக மாற்றிக்கொள்வார்.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை நான் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அம்மா அவ்வளவு கத்தி நான் கேட்டதே இல்லை.

"பொம்மப் புஸ்தகம் எழுதவா உன்ன இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்தேன்? நாலு பேரு கேட்டா என்னன்னு சொல்லுவேன்?"

மாமா சொன்னார். "நீ என்ன பெத்தவளாக்கா, இந்தப் பேச்சுப் பேசுத?"

அம்மாவையும் மாமாவையும் பெற்றவள், மாமா தவழ்ந்துகொண்டிருந்தபோதே போய்விட்டாள். அம்மாவுக்கு அப்போது பாவாடை சட்டை போடுகிற வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டவள். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் தாத்தா வீட்டுப் பசு கன்று போட்ட கதையைப் போல அதையும் ஒரு கதையாகத்தான் வைத்திருந்தேன். அம்மா பின்பக்கம் போனாள். கொடியில் கிடந்த மாமாவின் ஈரத் துண்டை எடுத்து, நான்காக மடித்து, அவர் பையின்மேல் வைத்தாள். ஈரத்தை மடித்தால் நாறிப்போகும் என்று எங்களை ஓயாமல் திட்டுகிறவள். மாமா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முனீர்க்காவில் நண்பர்களோடு ஓர் அறையில் இருக்கிறார் என்று அப்பா பிறகு விசாரித்துச் சொன்னார். அம்மா கேட்காத மாதிரி இருந்தாள்.

அப்புறம் வீட்டில் மாமாவின் பேச்சே எழவில்லை. அம்மா அரிசி அளக்கும்போது மட்டும், பழைய அளவையே போட்டுவிட்டு, ஒரு பிடியைத் திரும்ப எடுத்து டப்பாவில் போடுவாள். தினமும் இதைச் செய்தாள். பேசாமல் முதலிலேயே குறைத்துப் போட வேண்டியதுதானே என்று நான் கேட்டதற்குத் தலையில் ஒரு குட்டு கிடைத்தது.

மாமா என்னைக் கைவிடவில்லை. புது இதழ் வந்ததும் பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, படித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். வீட்டுக்கு ஓடிவந்து விரித்தேன். விரித்தவள் அதிர்ந்துபோனேன். உல்காவீருக்கு ஓர் அக்கா முளைத்திருந்தாள்! ஹிந்தியில் அக்காவுக்குத் தீதி, அதுவே அவள் பெயரும். எரிகல் விழுந்த பள்ளத்திலிருந்து குழந்தையைத் தூக்கியெடுத்து வளர்த்தவளாம். அவளோடு உல்காவீர் சண்டை போடுகிறான். அவள் அவன் முகத்திலேயே கதவை அறைந்து சாத்துகிறாள். அவன் மழையில் நனைந்துகொண்டே பறக்கிறான். பக்கம் பக்கமாக இதுதான். கெட்டவன் ஒருவன் கடைசியில் போனால் போகிறது என்று வந்து ஒரே ஒரு குத்து வாங்கிக்கொண்டு போனான்.

எனக்கு வந்த கோபத்தில் அதை உரக்கப் படித்து, தமிழிலும் சொல்லி, அம்மாவிடம் நியாயம் கேட்டேன். அம்மாவுக்கு ஹிந்தி எழுத்து தெரியாது. பேச்சும் காய்கறி வண்டி வரைக்கும்தான். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அடிதடி கெடக்கட்டும். அந்தக் கதவு சாத்துற பக்கத்த இன்னொருக்க படி."

படித்தேன்.

"வளத்தவ கதவச் சாத்துவாளாட்டி? போனது அவன். எழுதுதவனுக்கு இதுகூடவா தெரியாது?"

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்றைக்கு என் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தது அதுதான். நான் பார்த்ததோ, என் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்ததைத்தான். மறுநாள் பள்ளி வாசலில் மாமாவிடம் பொரிந்து தள்ளினேன்.

"ஏக்தம் பக்வாஸ், மாமா. சுத்த அபத்தம். அம்மாவே சொல்லிட்டா. தீதி கதவச் சாத்த மாட்டாளாம், அவன்தான் போனானாம். எழுதுனவனுக்கு ஒண்ணும் தெரியலயாம்."

திட்டு வாங்குகிறவர் முகம் அப்படியா மலரும்? "அம்மாட்ட படிச்சுக் காட்டுனியா? வேற என்ன சொன்னா? வார்த்த மாறாமச் சொல்லு" என்று என்னைக் குடைந்தெடுத்துவிட்டார்.

அடுத்த இதழில் உல்காவீர் ஒரு தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் உட்கார்ந்து யோசித்தான். கதவு சாத்தப்படவே இல்லை, காற்றில் தானாக அடித்துக்கொண்டது, நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவன் தலைக்கு மேலே மேகம் மேகமாக வசனம். நகரத்தை எவனோ கொளுத்திக்கொண்டிருக்கும்போது யோசிக்கிற வேலையா இது? அம்மா அந்தப் பக்கத்தை மூன்றுமுறை படிக்க வைத்துவிட்டு, பறக்குதவனுக்குப் பசிக்காதா, வயித்துக்கு என்ன செய்யுதானாம், கேட்டுட்டு வா என்றாள். நானும் போய்க் கேட்டேன். முக்கு ஓட்டலில் ராஜ்மா சாவல் திங்கான்னு சொல்லு என்றார் மாமா.

"அது எந்த இதழ்ல மாமா வரும்?"

"வராது. அம்மாட்ட மட்டும் சொல்லு."

சொன்னேன். "தெனமும் பயறுஞ் சோறுமா? வாயு பிடிக்குமே" என்றாள் அம்மா. ஒரு மாவீரனைப் பற்றி இவர்கள் இரண்டு பேரும் இப்படிப் பேசுவது எனக்கு அவமானமாக இருந்தது.

குளிர்காலம் முழுக்க இப்படியே ஓடியது. உல்காவீர் அழக் கற்றுக்கொண்டான், பொய் சொல்லி மாட்டிக்கொண்டான், தீதி வீட்டுக்கு மேலே இரண்டு சுற்று சுற்றிவிட்டு இறங்கத் தைரியமில்லாமல் திரும்பினான். எவ்வளவு பெரிய எதிரி வந்தாலும் உல்காவீர் மாற மாட்டான், வீட்டு ஆள் கோபித்துக்கொண்டால்தான் மாறுவான் என்று மாமா ஏதோ தொழில் ரகசியத்தைப் போலச் சொன்னார். பையா கடைக் கயிற்றிலோ உல்காவீர் வாரக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தான். உன் மாமாவுக்கு என்னதான் ஆச்சு என்று பையா என்னைக் கேட்டார். நான் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொள்வதற்கு அங்கே தள்ளுமுள்ளே இல்லை.

ஒருநாள் மாமா வெறுங்கையோடு வந்தார். ஷேவ் செய்துகொள்ளவில்லை. முதலாளி முடிவு கட்டிவிட்டாராம். தீதி செத்தால்தான் உல்காவீருக்கு வெறி வரும், வெறி வந்தால்தான் புத்தகம் விற்கும். அடுத்த இதழில் அவள் சாக வேண்டும். மாமா எழுதாவிட்டால் வேறு ஆள் எழுதுவான்.

நான் குதித்தேன். வீடுவரை குதித்துக்கொண்டேதான் போனேன். "அம்மா, அடுத்த இதழ்ல தீதி செத்துருவா! இனிமே ஒரே அடிதான்!"

அம்மா அடுப்பை அணைத்தாள். பொரித்துக்கொண்டிருந்த அப்பளம் பாதியில் எண்ணெயில் கிடந்தது. "அவனா சொன்னான்?" என்று கேட்டாள்.

மறுநாள் அப்பா ஆபீஸ் போனதும் பட்டுக்கரைப் புடவையைக் கட்டினாள். புளிச்சோறும் உருளைக்கிழங்கும் டிபன் கேரியரில் ஏறின. பள்ளிக்கூடம் வேண்டாம், ஹிந்தி பேச ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டாள். பக்கத்திலிருக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டைத் தாண்டித் தனியாகப் போயிராத அம்மா, பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தரியாகஞ்சா, தரியாகஞ்சா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

கம்பெனி ஒரு குறுகலான மாடிப்படிக்கு மேலே இருந்தது. மை வாசனை அடித்தது. ஓவியர் ஒருவர் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். அம்மா குனிந்து பார்த்தாள். தரையில் ஒரு பெண் கிடந்தாள். அவளுக்கு இன்னும் முகம் போடவில்லை. அடுத்த மேஜையிலிருந்து மாமா எழுந்து நின்றார். இளைத்திருந்தார்.

"அவள எதுக்குல கொல்லுத?"

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் கொல்லலக்கா. மொதலாளி சொல்லுதாரு. அப்பந்தான் அவனுக்குக் கோவம் வருமாம்."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து முதலாளி வந்தார். தொப்பையும் சால்வையுமாக, பார்க்க நல்லவராகத்தான் இருந்தார். இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"அவ செத்தா அவன் யாரையும் அடிக்கப் போமாட்டான்னு சொல்லு. அவனுக்குச் சோறு எறங்காது. ஒரு மூலையில போய் உக்காந்துக்கிடுவான். கோவம் எங்கேருந்து வரும்? எனக்குத் தெரியும்னு சொல்லு."

ஒரு சொல் விடாமல் ஹிந்தியில் சொன்னேன். என் ஹிந்தியில் எனக்கே பெருமையாக இருந்தது. முதலாளி அம்மாவைப் பார்த்தார், டிபன் கேரியரைப் பார்த்தார். பிறகு மாமாவிடம், இவர் யார் என்று கேட்டார்.

மாமா அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யே மேரீ மா ஹைன்."

இவர் என் அம்மா என்று அர்த்தம். அம்மாவின் ஹிந்தி காய்கறி வண்டி வரைக்கும்தான் என்றாலும், 'மா' என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவளுக்கு ஹிந்தி தேவைப்படவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். எனக்கோ தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நாள் நான் சொல்லிக்கொடுத்தும் இத்தனை பேர் முன்னால் இப்படியா தப்புப் பண்ணுவார்?

"நஹீன், நஹீன்! மா இல்ல, தீதி!" என்று கத்தினேன்.

யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. முதலாளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு டீ கொண்டுவரச் சொன்னார். ஓவியர் ரப்பரை எடுத்து அந்தப் பெண்ணை அழித்தார். மாமா அங்கேயே மேஜையில் கேரியரைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். ராஜ்மா தின்னு தின்னு எப்படி ஆயிட்டான் பாரு என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

அடுத்த இதழில் உல்காவீர் தீதி வீட்டில் இறங்கி, சாப்பிட்டுத் தூங்கினான். கெட்டவன் தப்பித்துப் போனான். பையா கடையில் என் மானம் போயிற்று.

ஆனால் கம்பெனிக்குப் போன அன்று மாலையே மாமா, முனீர்க்கா போய்ப் பையை எடுத்துக்கொண்டு எங்களுடன் பஸ் ஏறிவிட்டார். ஜன்னலோரம் அம்மா, பக்கத்தில் மாமா, அவர் மடியில் நான். லக்ஷ்மிபாய் நகர் வந்து சேரும்வரை நான் விடவில்லை. அக்கான்னா தீதி மாமா, மா இல்ல, எங்க சொல்லுங்க பாப்போம் என்று நச்சரித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர், "சரி மருமவளே" என்றாரே தவிர, தீதி என்று சொல்லவில்லை. என் திருத்தங்களை எல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்கிற மாமா, அந்த ஒன்றை மட்டும் கடைசிவரை ஏன் மாற்றிக்கொள்ளவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.