முக்கால் வட்டம்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்த கதிர்வீச்சு மெஷினை இருபத்தாறு வருடமாக அவர்தான் பார்த்துக்கொண்டார். எல்லோருக்கும் அவர் மெஷின்காரர். சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே ஆள் தெரியாது. ரேடியோ கடையில் பற்றவைப்புக் கம்பி பிடித்துக்கொண்டிருந்தவர், மாலை வகுப்பில் டிப்ளமா படித்து இந்த வேலைக்கு வந்தார். அதிகம் பேசமாட்டார். மெஷினைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தமாட்டார்.

கல்யாணமான புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். அவளுக்குப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லும் வேலை. பேசியே பிழைக்கிறவள், கேள்வி கேட்காமல் இருப்பாளா?

"இதுக்குள்ள என்னதான் ஓடுது?"

"எலெக்ட்ரான். சூடான கம்பியிலேருந்து கிளம்பும். மின்புலம் பிடிச்சுத் தள்ளி வேகத்தை ஏத்தும். குழாய் படுத்த வாக்குல இருக்கு பாரு. நோயாளி கீழ படுத்திருப்பாங்க. அதனால கடைசியில காந்தத்தை வச்சு முக்கால் வட்டம் சுத்தவிட்டுக் கீழ இறக்குறோம். அங்க ஒரு தகட்டுல மோதும். அதுலேருந்து எக்ஸ்ரே வரும்."

"கால் வட்டம் திரும்பினாலே கீழ வந்துடுமே. எதுக்குச் சுத்து வழி?"

இந்தக் கேள்வியை அதுவரை எந்த டாக்டரும் கேட்டதில்லை. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"எல்லாம் ஒரே வேகத்துல வராது. வேகமா வர்றது அகலமாத் திரும்பும், மெதுவா வர்றது ஒடுக்கமாத் திரும்பும். கால் வட்டத்துல விட்டா ஆளுக்கொரு பக்கம் போயிடும். முக்கால் வட்டம் சுத்தினாத்தான் எல்லாம் ஒரே இடத்துல வந்து சேரும்."

"அப்ப காந்தம் வேகத்தையும் கூட்டுதா?"

"இல்ல. திருப்புறதோட சரி. வேகத்தைக் கூட்டாது, குறைக்காது."

"உங்களை மாதிரின்னு சொல்லுங்க. இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போன்னு சொல்வீங்க. ஒரு கை குடுத்துத் தள்ளமாட்டீங்க."

அன்றிலிருந்து வீட்டில் அவருக்குக் காந்தம் என்று பேர். குழம்பு கொதித்தாலும் குழாய் ஒழுகினாலும், "காந்தம், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்பாள். மகள் வளர்ந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகும் போனில் அதையே கேட்டாள். "காந்தம் எப்படிம்மா இருக்கு?"

ஐம்பத்தோராவது வயதில் அவளுக்குக் குரல் கரகரத்தது. ஒரு மாதம் வெந்நீரில் கொப்பளித்தாள். பிறகு பரிசோதித்ததில் தொண்டையில் கட்டி. முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள். "நடுவுல நாள் விடக்கூடாது. விட்டா கட்டி திரும்பத் தலைதூக்கும்" என்றார் டாக்டர். மெஷின்காரர் அதை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டாத குறைதான். தினமும் பதினொன்று இருபதுக்கு அவள் முறை. முகமூடி போட்டு மேசையோடு சேர்த்துத் தலையை இறுக்குவார்கள். கதவு மூடும் முன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள்.

அவளுடைய ஒன்பதாம் நாள் காலை, மெஷினைச் சூடேற்றும்போது கதிர் நடுப்புள்ளியைவிட்டு ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் அதிகமாக விலகியிருந்தது. காந்தத்தின் சுருளில் ஏதோ ஒரு சுற்றில் காப்புப் பூச்சு போய், கம்பியும் கம்பியும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. ஒரு சுற்று வேலை செய்யாவிட்டால் காந்தம் தளரும். காந்தம் தளர்ந்தால் வளைவு அகலமாகும். மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினார். கதிர் நடுவுக்கு வந்தது.

இப்போது மின்னோட்டம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அப்படித் தாண்டினால் மெஷினை நிறுத்திவிட்டுக் கம்பெனி ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. வந்து சுருள் மாற்ற ஐந்து நாள் ஆகும். அவர் தினசரிப் பதிவு நோட்டில் பழைய எண்ணையே எழுதினார்.

மறுநாளும் கூட்டினார். அதற்கடுத்த நாளும். மின்னோட்டம் கூடக் கூடச் சுருள் சூடாகும், சூடாகச் சூடாகக் காப்பு இன்னும் போகும். இது அவருக்குத் தெரியாதா? மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். அவளுடைய முப்பத்தைந்தாம் நாள்வரை மட்டும் தாங்கிவிடு என்று மெஷினிடம் கேட்டுக்கொண்டார். வீட்டில் அவளுக்குத் தொண்டை வெந்து, எச்சில் விழுங்கவும் முடியாமல், மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள்.

இருபத்தோராம் நாள், அவளுக்கு முன்னால் ஒரு கிழவர் மேசையில் இருந்தபோது, கருகிய வாடை வந்தது. மெஷின் தானாகவே நின்றது. சுருள் எரிந்த சூட்டில் பக்கத்து இணைப்பு விரிசல்விட்டு, வெற்றிடமாக இருந்த குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. ஐந்து நாள் வேலை ஆறு வார வேலை ஆயிற்று.

கதிரின் அளவைக் கணிக்கும் பௌதிக மேடம் நோட்டை எடுத்துப் புரட்டினார். அவரைவிட இருபது வயது இளையவர்.

"பதிமூணு நாளா ஒரே எண் எழுதியிருக்கீங்க, அண்ணே."

"ஆமா மேடம்."

"உண்மையில எவ்வளவு இருந்துச்சு?"

சொன்னார். மேடம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "டோஸ் யாருக்கும் தப்பாப் போகல" என்றார். "அது ஒண்ணுதான் சொல்ல முடியும். பட்டியல்ல நாப்பத்தோரு பேர் இருக்காங்க. யாரை எங்க அனுப்புறது?"

உள்ளூரின் மற்ற ஆஸ்பத்திரிகளில் ஒன்றரை மாதத்துக்கு இடமில்லை. பதினைந்து இருபது பேருக்கு எங்கோ தூரத்தில் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. விசாரணை முடியும்வரை மெஷின்காரரை ஆக்ஸிஜன் சிலிண்டர் எண்ணும் கொட்டகைக்கு மாற்றினார்கள். ஐந்தாம் வாரம் அவள் கழுத்தில் கை வைத்தாலே கட்டி தட்டுப்பட்டது. இனிமேல் வலிக்கு மட்டும் மருந்து என்றார் டாக்டர்.

அவர் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோபப்படவில்லை. அதற்குப் பிறகு காந்தம் என்று கூப்பிடவும் இல்லை. குரல் அநேகமாகப் போய்விட்டதால் சிலேட்டில்தான் எழுதினாள்.

மெஷின் திரும்ப ஓடத் தொடங்கிய வாரம், மத்தியான வேளை. தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்து அவளை நிமிர்த்தி, குழாயில் உணவை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தார். அவள் எழுதினாள்: மெஷின் ஓடுதா?

"ஓடுது."

மத்தவங்க வர்றாங்களா?

"நாப்பத்தோரு பேர்ல முப்பத்தி நாலு பேருக்கு ஏதோ ஒரு வழி ஆயிடுச்சு. பாதிப் பேர் இங்க வர்றாங்க, பாதிப் பேர் வெளியூர்ல."

அவள் சிலேட்டைத் துடைத்தாள். மனக்கணக்கில் அவள் எப்போதும் கெட்டி. ஏழு என்று எழுதினாள். அதன் பக்கத்தில் எழுதினாள்: என்னையும் சேர்த்தா?

"உன்னையும் சேர்த்துத்தான்."

அவள் சிலேட்டை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். உணவு இறங்கி முடிந்திருந்தது. குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க அவர் தண்ணீர் எடுத்து ஊற்றினார். பிறகு அவள் கேட்காமலேயே இன்னொரு முறை ஊற்றினார்.