வேனை ஆற்றில் விட்டது தாசனல்ல

தென்னைக்கு உரம் வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சிலுவைதாசனின் மகள் மெர்சி. "மாமா, அப்பா போயாச்சு. காலத்தே சாயா குடிச்சிட்டு இருந்தாவ, அப்பிடியே சாஞ்சிட்டாவ" என்றாள். கையிலிருந்த வேப்பம்புண்ணாக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன். அறுபத்தொன்பது வயது. போகிற வயதா அது?

நம் வாசகர் வட்டத்து நண்பர்கள் நீங்கள் இந்த இதழுக்கு அவனைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அவன் இனயத்துக் கடல்காரன். கடலை விட்டபின் வேனில் மீன் கொண்டுபோய் விற்றவன். நான் பாசனப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் ஆற்றுத் தண்ணீரை அளந்தவன். கடல்காரன் அலையைப் பார்க்கிற மாதிரி ஆற்றைப் பார்த்துக் கூடாரம் போட்டான், வேனை வெள்ளத்தில் விட்டான் என்ற கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வருஷமாக அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்தக் கதை பொய். அதைத் திருத்தாமல் அவனுக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

நான் ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் அது. ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்தது. "எனக்க கடல்ல வந்து விழுற தண்ணி எங்கயிருந்து வருதுன்னு பாக்காமலே அறுவது வயசாச்சு மக்கா. வா, போய்ப் பாத்திட்டு வருவோம்" என்றான். வேனைக் கழுவி, மீன் பெட்டிகளை இறக்கிவிட்டு, அடுப்பும் பாயும் மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த கூடாரமும் ஏற்றினான். எவ்வளவு கழுவியும் சாளை மீன் வாசம் போகவில்லை. ஆறு கடலில் சேரும் தேங்காப்பட்டணம் பொழிமுகத்திலிருந்து ஆற்றை ஒட்டியே மேலே போவது என்று கிளம்பினோம்.

முதல் நாள் குழித்துறைக்குக் கீழே தங்கினோம், அடுத்த நாள் மூவாற்றுமுகத்தில். எங்கே நிறுத்தினாலும் தாசன் முதலில் பக்கத்து வீட்டைத் தேடிப்போய் அனுமதி கேட்பான். ஆற்றங்கரை புறம்போக்குதானே, யாரிடம் கேட்க வேண்டும் என்று நான் சலித்துக்கொண்டால், "அடுத்தவன் கரையில கேக்காம ஏறப்பிடாதுலே" என்பான். வேறு ஊர்க் கரையில் வள்ளம் ஏற்றும்போது கேட்பது அவர்களுடைய வழக்கம். அப்படிக் கேட்கப் போன இடத்தில்தான் ஒரு ரப்பர் வெட்டும் அம்மா மரச்சீனிக்கிழங்கும் ஆற்றுமீன் குழம்பும் கொடுத்தார். கிழங்கை வழித்துத் தின்றுவிட்டு மீனை மட்டும் என் தட்டுக்குத் தள்ளினான். "உப்பு அறியாத மீனு. பாவம், நீயே தின்னு."

மூன்றாம் நாள் களியலுக்குக் கீழே ஒரு மணல்திட்டைப் பார்த்தேன். அகலமான, சுத்தமான மணல். வேனையே அதில் இறக்கிவிடலாம். தாசன் இறங்கவில்லை. கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சருகும் நுரையுமா வருது மக்கா. மேல மழை கெடக்கு. தோட்டத்து ஓரமா ஏறிக் கெடப்போம்."

"ஏம்லே, எனக்கா ஆத்தச் சொல்லித் தாற? அணையில ஷட்டர் தூக்கினா மொத போன் எனக்குத்தான் வரும்."

தண்ணீரை இன்னொருமுறை பார்த்தான். பிறகு, "ஒனக்குத் தெரிஞ்ச தண்ணி. நீ சொன்னா சரி" என்று வேனை இறக்கினான். அன்று மாலை முழுக்க நான் ஆறுகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். அவனும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

விடிந்து ஆறு மணிக்குப் பாய் நனைந்தது. எழுந்து பார்த்தால் கூடாரத்துக்குள் தண்ணீர். தாசன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் நீந்திக் கரையேற்றினான். நான் அவன் தோளைப் பிடித்துத் தொங்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மேலே உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது வேன் மெதுவாகத் திரும்பி, பாறையில் ஒருமுறை இடித்து, சாய்ந்து போயிற்று. அவன் பிழைப்பு அது.

போன் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது சரியான நேரத்தில் அடித்திருக்கும். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவருக்கு அடித்திருக்கும். ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது எனக்கு நினைவில் இல்லை. அதைத் தாசனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

தோட்டத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அதில் ஒருவருக்கு என்னைத் தெரியும். "சார் இருந்துமா இங்க போட்டிய? யாரு சொன்னா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் தாசன் சொல்லிவிட்டான்: "நாந்தான். கடல்ல தண்ணி ஏறி எறங்குற ஏத்தவத்தம் பாத்துப் பழகினவன் இல்லியா, ஆறும் அப்பிடின்னு நெனச்சிட்டேன். சாரு வேண்டாம்ன்னுதான் சொன்னாவ."

கதை எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. அவன் மனைவி பிலோமி வேனுக்காக அவனை ஏசாத நாளில்லை. பிறகு அவன் மீன் ஏலக்கூடத்தில் கூலிக்கு நின்றான். என் மனைவி, "இனி அந்த ஆளுகூட எங்கயும் போவப்பிடாது" என்று சொல்லிவிட்டாள். ஒவ்வோர் ஐப்பசிக்கும் அவன் கேட்பான்: "மேல பாக்கி இருக்கே மக்கா, போவோமா?" வீட்டில் விடமாட்டார்கள் என்பேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் பிறக்கும் இடத்தைப் பார்க்காமலே அவன் போய்விட்டான்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒருமுறை கேட்டேன். "ஆறு தெரிஞ்சவன்னுதான் ஒன்ன ஊரு மதிக்கு. அதும் போனா ஒனக்கு என்ன இருக்கு? எனக்குக் கடல் இருக்குலா" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். எனக்கு இன்றும் அது சுடுகிறது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நிற்கும்போது நம்மில் ஒருவர் அந்தக் கதையை மறுபடியும் எடுத்தார். அன்போடுதான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் நான் செய்த கேவலமான காரியம் அந்தச் சிரிப்பு.

மறுவாரம் இனயத்துக்குப் போய்ப் பிலோமியிடம் உண்மையைச் சொன்னேன். கையில் முறத்தோடு கேட்டுக்கொண்டிருந்தவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சுவரிலிருந்த அவன் படத்தை நோக்கித் திரும்பி, "அப்பம் நான் ஏசினது எல்லாம்…" என்றாள்.

அவன் எனக்கென்று விட்டுப்போனது, எனக்காகச் சொன்ன அந்தப் பொய் ஒன்றுதான். அதை நானே வைத்துக்கொள்கிறேன். நண்பர்களே, அந்தக் கதையை இனியும் சொல்லுங்கள், சிரியுங்கள். அவன் பெயர் வரும் இடத்தில் என் பெயரைச் சொல்லுங்கள்.