மூடக் கூடாத மடிக்கணினி

தேநீர் எடுக்கப் போகும்போதும் மடிக்கணினியைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு போகிறார். இடது கையில் அது, வலது கையில் கோப்பை. கதவை முழங்கையால் தள்ளுகிறார். மூடினால் அது தூங்கிவிடும். அது தூங்கினால் பதினொரு பேருடைய வேலை நின்றுவிடும். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது துப்புரவு செய்பவருக்காக அதன் மேல் ஒரு தாளை வைத்துவிட்டுப் போவார்: 'துடைங்க, மூடாதீங்க.'

அலுவலகத்தில் அவருக்குப் பெரியப்பா என்று பெயர். வயது நாற்பத்தொன்றுதான். யார் எதைத் தொட்டாலும் "பாத்துப்பா, பாத்து" என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பெயர்.

எழுதும் மென்பொருள் நிரல்களை வெளியார் சர்வரில் வைத்தது போதும், நம்மிடமே வைத்துக்கொள்வோம் என்று மேலாளர் முடிவு செய்தார். சொந்த சர்வர் வரும்வரை ஒத்திகையாகத் தன் கணினிக்குள்ளேயே, நிரல்களும் பிழை அறிக்கைகளும் சேரும் ஒரு களஞ்சியம் அமைத்தார் பெரியப்பா. பல கன்டெய்னர்களாகப் பிரித்து ஓடவிட்டார்.

"எல்லாம் தனித்தனி டப்பாங்க. ஒண்ணு செத்தா அதே மாதிரி இன்னொண்ணு தானா எந்திரிச்சிடும்" என்று விளக்குவார்.

"அப்புறம் ஏன் தூக்கிக்கிட்டே அலையறீங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"டப்பாதான் எந்திரிக்கும். இந்தப் பொட்டி எந்திரிக்காதே."

ஒத்திகை நன்றாக ஓடியது. அதுதான் வினை. கட்டி முடிக்காத வீட்டில் பதினொரு பேரும் சாமான்செட்டோடு குடியேறிவிட்டார்கள்.

எது கெட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "நெட்வொர்க்கா இருக்கும்." தன் கை வேலையில் தவறு வரும் என்பதை ஒத்துக்கொள்வது அவருக்குப் பல் பிடுங்குகிற மாதிரி.

புதன்கிழமை மதியம் அவர் காலே சார்ஜர் வயரைத் தட்டிவிட்டது. யாரும் பார்க்கவில்லை, பேட்டரி தீர்ந்து கணினி அணைந்தது. மறுபடி போட்டதும் டப்பாக்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. நிரல்கள் பத்திரமாக இருந்தன. சோதனைப் பிரிவுப் பெண் தன் பிழை அறிக்கைகளோடு ஏற்றியிருந்த நூற்று நாற்பது ஸ்கிரீன்ஷாட்டுகளைக் காணோம். டப்பா செத்தால் உள்ளே இருப்பதும் அதோடு போய்விடும். காக்க வேண்டியதை வெளியே டிஸ்க்கில் வை என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நிரல்களுக்கு எழுதியவர் படங்களுக்கு மறந்துவிட்டார். அன்று மாலையே அந்த வரியைச் சத்தமில்லாமல் சேர்த்தார். அவளிடம் சொல்லத்தான் இரண்டு நாளாக வாய் வரவில்லை.

அந்தப் பெண் சேர்ந்து ஆறு மாதம். வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க, வெள்ளிக்கிழமை மேலாளர் அவள் மேஜையிலேயே அந்த அறிக்கைகளைத் திறந்தார்.

"ஒண்ணுலகூட படம் இல்லையேம்மா. ஆதாரம் இல்லாம எப்படி நம்பறது?"

"ஏத்தினேன்னுதான் சார் நெனைச்சேன்." அவள் குரல் இறங்கியது. "நான்தான் சரியா ஏத்தலையோ என்னமோ."

மேலாளர் பக்கத்து மேஜைக்குத் திரும்பினார். "பெரியப்பா, உங்க பக்கம் ஏதாவது கோளாறா?"

அவருக்குக் காது மடல் சுட்டது. இல்லை என்று தலையசைத்தால் போதும்; அவளே தன் தவறு என்று நம்பிவிட்டாள்.

யார், எந்த வரியை, எப்போது சேர்த்தார் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தார். திரையை மேலாளர் பக்கம் திருப்பி, படங்களுக்கான அந்த வரியில் புதன்கிழமை மாலை நான்கு இருபதுக்கு நேராக இருந்த தன் பெயரின் கீழ் விரலை வைத்தார்.